கொரிய பௌத்தம் படிக்க எந்த மொழியில் தொடங்குவது?

வணக்கம் நண்பரே. கொரிய மொழி நன்றாக வருகிறது, ஆனால் வொன்ஹ்யோவின் உரையைத் திறந்தால் ஒரு வரிகூடப் புரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மனம் தளராதீர்கள். குறை உங்கள் படிப்பில் இல்லை. அவர் 7ஆம் நூற்றாண்டு துறவி. எழுதியது செவ்வியல் சீனத்தில். கொரிய மொழிக்கென உருவான ஹங்குல் எழுத்து 1446இல்தான் வெளியானது. அதற்கு முந்தைய கொரிய பௌத்த நூல்களில் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கும்.

தென் கொரியாவின் ஹேயின்சா மடாலயத்தில், பௌத்த நூல்களை அச்சிட 13ஆம் நூற்றாண்டில் செதுக்கிய 80,000க்கும் மேற்பட்ட மரப்பலகைகள் இருக்கின்றன. பக்கத்துக்கு 23 வரி, வரிக்கு 14 எழுத்து, எல்லாம் சீன எழுத்து. ஜப்பானில் 1924 முதல் அச்சான தைஷோ என்னும் சீன மொழி பௌத்த நூல் தொகுப்புக்கு அடிப்படை இந்தப் பலகைகளின் பதிப்புதான். தைஷோவின் அடிக்குறிப்புகளில் சீனாவின் சொங், யுவான், மிங் அரச மரபுகளின் காலப் பதிப்புகளில் உள்ள பாடபேதங்களும், அதாவது சொல் வேறுபாடுகளும், கிடைக்கும். ஆய்வாளருக்கு அது பொக்கிஷம்! டோக்கியோ பல்கலைக்கழகத்தின் தரவுத்தளத்தில் தைஷோவை இலவசமாகவே வாசிக்கலாம்.

ஆகவே செவ்வியல் சீனத்தை இப்போதே தொடங்குங்கள். முதல் பாடமாக, சீனத் துறவி சுவான்சாங் (யுவான் சுவாங்) மொழிபெயர்த்ததாக வழங்கும் இதய சூத்திரம் என்ற சிறு பௌத்த நூலை எடுங்கள். சுமார் 260 எழுத்துதான். கொரியாவிலும் ஜப்பானிலும் அவரவர் உச்சரிப்பில் இன்றும் ஓதுகிறார்கள். உங்களுக்குத் தெரிந்த கொரிய ஒலியிலேயே மனப்பாடம் செய்யலாம், எழுத்துகள் தாமாகப் பழகிவிடும்.

அடுத்து ஜப்பானிய மொழி. பேச வேண்டாம், கட்டுரை வாசிக்கத் தெரிந்தால் போதும். கிழக்காசிய பௌத்த ஆய்வில் அந்த மொழியில் குவிந்திருப்பது ஏராளம். ஆனால் கொரியம், செவ்வியல் சீனம், ஜப்பானியம் மூன்றையும் ஒரே பருவத்தில் எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.