தோட்டா நமுத்துப்போகுமா?

(பதில் சொல்பவர் அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவர்.)

கேள்வி: அப்பா காலமாகிப் பதினோரு மாதம் ஆகிறது. பன்றியை விரட்ட உரிமம் பெற்று அவர் வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கியை அப்போதே காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டோம். இப்போது பரணில் ஒரு தகரப் பெட்டிக்குள் 23 தோட்டாக்கள் கிடைத்துள்ளன. ஓடு ஒழுகி, இரண்டு ஆடி மழை பெட்டிக்குள் இறங்கியிருக்கிறது. சில காகிதத் தோட்டா, சில பிளாஸ்டிக். அடுப்பங்கரையில் காயவைத்தால் சரியாகிவிடும் என்கிறார் சித்தப்பா. சரியாகுமா?
– வாசகர், கூடலூர்

பதில்: பெட்டி இப்போது அடுப்பங்கரையில் இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

சித்தப்பா தீபாவளிப் பட்டாசின் நினைப்பில் பேசுகிறார். பட்டாசுத் திரியிலும் நாட்டுத் துப்பாக்கியிலும் இருப்பது கருமருந்து: வெடியுப்பு, கந்தகம், கரி. வெடியுப்பு தண்ணீரில் கரையும். நன்றாக நனைந்துவிட்டால் கலவை குலைந்துவிடும். காயவைத்தாலும் பழைய வேகம் திரும்பாது. உங்கள் தோட்டாவில் இருப்பது புகையில்லா மருந்து. அதன் உயிர்ப்பொருளான நைட்ரோசெல்லுலோஸ் தண்ணீரில் கரையாது. எங்கள் தொழிலில் அதை ஈரமாகவே வைத்துக் கையாளுவோம். உலர்ந்தால்தான் எங்களுக்குப் பயம்.

ஈரம் முதலில் கொல்வது கேப்பை. தோட்டாவின் அடித்தட்டு நடுவே பொட்டு வைத்ததுபோல் இருக்கிறதே, அது. அதற்குள் இருக்கும் துளி மருந்து கெட்டால், ஊசி எத்தனை முறை அடித்தாலும் 'டிக்' என்ற சத்தத்தோடு சரி. ராணுவத் தோட்டாக்களில் கேப்பின் விளிம்பையும் குண்டு செருகிய வாயையும் அரக்குப் பூச்சால் அடைப்பது வழக்கம். அவை மழையைத் தாங்கும். வேட்டைத் தோட்டாவின் மடித்த வாய்க்கு அந்தக் கொடுப்பினை இல்லை. காகிதத் தோட்டாவோ ஈரத்தில் உப்பிக்கொள்ளும். குழலுக்குள் நுழையாது; அடித்து நுழைத்தால் வெளியே வராது.

சுடாத தோட்டாவைவிட அரைகுறையாகச் சுடும் தோட்டாவுக்குத்தான் நான் பயப்படுவேன். என் மைத்துனர் கேத்தி பக்கம் உருளைக்கிழங்குத் தோட்டத்தில், பன்றியை விரட்ட வானத்தைப் பார்த்துச் சுட்டார். வழக்கமான முழக்கத்துக்குப் பதில், சோடா புட்டி திறந்ததுபோல் 'புஸ்' என்றது. நல்லவேளை, மனிதர் நிதானமானவர். அரை நிமிடம் குழலை அப்படியே வானத்தைப் பார்த்துப் பிடித்திருந்து, பிறகு மடித்துத் திறந்து, தோட்டாவை உருவிவிட்டுக் குழல் வழியே பார்த்தார். நிலா தெரியவில்லை. ஈயக் குண்டுகளுக்குக் கீழே வைக்கும் அட்டை வில்லை நடுக்குழலில் சிக்கி நின்றது. அதே குழலில் இன்னொரு தோட்டாவைப் போட்டுச் சுட்டிருந்தால் குழல் பிளந்து அவருடைய இடது கை போயிருக்கும். அந்தத் தோட்டாவும் மண்தரையில் வைத்த அட்டைப் பெட்டியில் ஒரு மழைக்காலம் கிடந்ததுதான்.

ஆகவே 23-இல் எது நல்லது என்று பொறுக்கி எடுக்க வேண்டாம். அதற்கு உங்களுக்கு உரிமையும் இல்லை. உரிமம் அப்பாவின் பெயரில் இருந்தது. இப்படி வைத்திருக்க உரிமையில்லாமல் போனவற்றைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு. துப்பாக்கியைக் கொடுத்த அதே நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடாதீர்கள்.

கேள்வி: உரிமம் என்னிடம் இருக்கிறது. தோட்டாப் பெட்டியை மாட்டுக்கொட்டகை மேல்தட்டில் வைத்திருக்கிறேன். மழையே படாது. போதாதா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: பூட்டில்லாத இடத்தில் தோட்டா வைப்பதே தவறு. அதிலும் மாட்டுக்கொட்டகை! வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியாவில் மழைக்காலம் முழுக்கத் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் போட்டுவைத்தார்கள். மழை முடிந்து எடுத்தால் பித்தளைக் கூடுகளில் கோடு கோடாக வெடிப்பு. பருவமழையோடு வந்ததால் அதைப் பருவ வெடிப்பு என்றே அழைத்தார்கள். 1921-இல்தான் காரணம் பிடிபட்டது: மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா. கூட்டை இழுத்து வடிக்கும்போது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் அம்மோனியாவும் சேர்ந்து அதைப் பிளந்திருக்கின்றன. அதன்பின் கூடுகளைச் சூடாக்கி இறுக்கம் தளர்த்தினார்கள். மாடு என்ன, குதிரை என்ன, அம்மோனியா ஒன்றுதான். ரப்பர் வளையம் வைத்து மூடும் இரும்புப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு, வீட்டுக்குள் பூட்டிவையுங்கள்.

கேள்வி: மலைக்குளிரில் மருந்து சீக்கிரம் கெட்டுவிடுமா?
– வாசகி, குன்னூர்

பதில்: நேர்மாறு. மருந்தின் எதிரி வெப்பம். 10 டிகிரி ஏறினால் அது சிதையும் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும். சமவெளியில் கோடை முழுக்கத் தகரக் கூரையின்கீழ் கிடந்த பெட்டியைவிட ஊட்டிப் பெட்டிக்கு ஆயுள் அதிகம். நமக்குப் பகை மூடுபனிதான். சிதையும் மருந்து அமில ஆவி விடும். நாங்கள் மாதிரியைச் சூடாக்கி, ஸ்டார்ச் தடவிய அயோடைடு தாள் எத்தனை நிமிடத்தில் நிறம் மாறுகிறது என்று கடிகாரத்தோடு உட்கார்ந்து பார்ப்போம். வீட்டில் மூக்கு போதும்: பெட்டியைத் திறந்ததும் காரமான புளிப்பு நெடி அடித்தால் உடனே காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: களிம்பு ஏறிய தோட்டாவுக்கு எண்ணெய் போட்டுத் துடைக்கலாமா?
– வாசகர், பந்தலூர்

பதில்: கூடாது. மழைநீர் நுழையாத இடுக்கிலும் துருநீக்கும் எண்ணெய் நுழைந்து கேப்பைக் கெடுத்துவிடும்.

கேள்வி: தாத்தாவின் காலித் தோட்டாக் கூடுகளை அலங்காரமாக வைக்கலாமா?
– வாசகி, வெலிங்டன்

பதில்: காலி என்று யார் பார்த்துச் சொன்னார்கள்? கேப்பில் பள்ளம் இருந்தால் மட்டும் போதாது. வாய் திறந்து உள்ளே வெறுமையாக இருக்க வேண்டும். பள்ளம் விழுந்தும் வாய் மூடியே இருந்தால், அது அடி வாங்கியும் வெடிக்காமல் கிடக்கும் முழுத் தோட்டா.