வாசகர் கேள்வி பதில்: கைப்பிரதி தயார், இனி யாரிடம் கொடுப்பது?

புத்தகம் எழுதி முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்பவர்களின் கடிதங்கள் கொஞ்ச நாளாகவே வந்து குவிந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, பதில்களை இந்த இதழிலேயே முடித்துவிடுகிறேன்.

என் நாவலுக்கு ஒரு பதிப்பகம் 10 சதவீத ராயல்டி, அதாவது விற்பனையில் எழுத்தாளர் பங்கு, தருவதாகச் சொல்கிறது. நானே அமேசானில் ஏற்றினால் 70 சதவீதம் கிடைக்கும் என்கிறார்கள். ஏழு மடங்கு! அப்புறம் எதற்கு இன்னும் எல்லோரும் பதிப்பாளர் வாசலில் காத்துக் கிடக்கிறார்கள்?

அந்தப் பத்தும் இந்த எழுபதும் வேறு வேறு கணக்கு. முதலில் பதிப்பாளரிடம் போய், எதில் 10 சதவீதம் என்று கேளுங்கள். புத்தகத்தின் முகவிலையிலா, கடைக்காரர் கழிவு எல்லாம் போக அவர் கைக்கு வந்து சேரும் தொகையிலா? முகவிலை 100 என்று வையுங்கள். கடையும் விநியோகஸ்தரும் சேர்ந்து 40 முதல் 55 வரை எடுத்துக்கொள்வது இந்தத் தொழிலில் சகஜம். பாதி போய்விட்டது என்றால் முகவிலைக் கணக்கில் உங்களுக்கு 10, நிகர வரவுக் கணக்கில் 5. ஒப்பந்தத்தில் இரண்டுமே ‘10 சதவீதம்’ என்றுதான் இருக்கும், கூடவே இருக்கும் ஒரு சொல்லில்தான் வித்தியாசம்.

சரி, அந்த எழுபதுக்கு வருவோம். எழுதியவரே புத்தகத்தை ஏற்றி விற்கும் அமேசானின் கேடிபி தளத்தில் 70 சதவீதம் மின்னூலுக்கு மட்டும், அதுவும் குறிப்பிட்ட விலை வரம்புக்குள் இருந்தால்தான். அமெரிக்கக் கடையில் அந்த வரம்பு நெடுங்காலமாக 2.99 டாலரிலிருந்து 9.99 டாலர் வரை. அதற்குக் கீழே போனாலும் மேலே போனாலும் 35 சதவீதம். 70 சதவீதத்திலும் கோப்பின் அளவைப் பொறுத்து ஒரு சின்னத் தொகை பிடிப்பார்கள், படங்கள் நிறைய உள்ள புத்தகத்துக்கு அது சின்னத் தொகையாக இருக்காது. காகிதப் புத்தகம் என்றால் முகவிலையில் 60 சதவீதம், விலை குறைந்த புத்தகங்களுக்கு 2025-இலிருந்து 50. அதிலிருந்து அச்சுச் செலவைக் கழித்தது போகத்தான் உங்களுக்கு. 100 விலையுள்ள புத்தகத்துக்கு அச்சுச் செலவு 30 என்றால் கையில் நிற்பது 30 அல்லது 20. எடிட்டர், மெய்ப்புப் பார்ப்பவர், அட்டை வரைபவர் எல்லோருக்கும் நீங்கள் முன்கூட்டியே கொடுத்த பணம் இந்தக் கணக்கிலேயே வரவில்லை. பதிப்பகம் தரும் பத்தில் உங்களுக்குச் செலவு கிடையாது. முன்பணம் தந்திருந்தால், புத்தகம் விற்காமல் போனாலும் பொதுவாக அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை.

ஆகவே சதவீதத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். இந்தப் புத்தகத்தை வாங்கப் போகிறவர் எங்கே இருக்கிறார், அவரிடம் போய்ச் சேர உங்களால் முடியுமா, அவர்களால் முடியுமா என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். ஒரு துறையில் பத்து வருஷமாக வகுப்பெடுக்கிறவர் அந்தத் துறை பற்றி எழுதினால் வாசகர்கள் ஏற்கெனவே அவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், அவர் ஏன் தன் பங்கை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும்? யாருக்கும் தெரியாத பெயரில் வரும் முதல் நாவலுக்கு நிலைமை வேறு. கடைகளின் மேசை, நூலகங்கள், விமர்சகர்கள், பரிசுக்குழு, இங்கெல்லாம் பதிப்பகத்தின் பெயர் இன்னும் கதவைத் திறக்கிறது. உங்கள் பதிப்பகம் அதையெல்லாம் உண்மையிலேயே செய்கிறதா என்பதையும் பாருங்கள். அவர்கள் போன வருஷம் போட்ட புத்தகங்களில் நான்கைந்து இப்போது கடையில் கிடைக்கிறதா என்று தேடினாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

ஒரு பதிப்பாளர் ஒரே தொகையாகக் கொடுத்து உரிமை முழுவதையும் வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். ராயல்டிக்காக வருஷா வருஷம் கேட்டு அலைவதற்கு இது மேல் இல்லையா?

அலைச்சல் மிச்சம்தான், மறுக்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் வரவு செலவை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

1811-இல் அவருடைய முதல் நாவல் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ வெளிவந்தபோது நஷ்டம் வந்தால் அது அவர் தலையில் என்ற ஏற்பாடு. பதிப்பாளர் கமிஷன் எடுத்துக்கொண்டு அச்சிட்டு விற்றுக் கொடுத்தார், கிட்டத்தட்ட இன்றைய சொந்தப் பதிப்பு மாதிரி. அந்த முதல் பதிப்பு விற்றுத் தீர்ந்து 140 பவுண்டு லாபம் வந்தது. அது வந்து சேருவதற்குள் அடுத்த நாவலான ‘பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ உரிமையை அதே பதிப்பாளருக்கு மொத்தமாக 110 பவுண்டுக்கு விற்றுவிட்டார். 150 கேட்டிருந்தார், கிடைத்தது 110. 1813 தொடக்கத்தில் வெளிவந்த அந்தப் புத்தகம் அதே வருஷம் இரண்டாம் பதிப்பு கண்டது, அதில் அவருக்கு ஒரு பைசா இல்லை. உலகம் முழுக்க இன்றுவரை படிக்கிற புத்தகம் அது.

இதைவிட மோசமான கதையும் அவரிடமே இருக்கிறது. 1803-இல் ‘சூசன்’ என்ற தலைப்பில் ஒரு நாவலை லண்டனில் கிராஸ்பி என்ற பதிப்பாளரிடம் 10 பவுண்டுக்கு விற்றார். அவர் வாங்கினார், விளம்பரமும் செய்தார், அச்சிடவில்லை. ஆறு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆஸ்டின் ஒரு புனைபெயரில் கடிதம் எழுதினார். அந்தப் பெயரின் முதலெழுத்துகளை ஆங்கிலத்தில் சேர்த்தால் ‘பைத்தியம்’ என்று வரும், கோபத்தில் இருந்தார் என்று நினைக்கிறேன். கிராஸ்பியின் பதில் நாலே வரிதான்: இன்ன தேதிக்குள் வெளியிடுவதாக நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை, வேறு யாராவது வெளியிட்டால் தடுப்போம், வேண்டுமானால் கொடுத்த 10 பவுண்டைத் திருப்பித் தந்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 1816-இல்தான் ஆஸ்டினின் சகோதரர் போய்ப் பணத்தைக் கட்டி மீட்டார். அது ‘நார்த்தேங்கர் அபி’ என்ற பெயரில் அச்சில் வந்தது 1817 டிசம்பரில். ஆஸ்டின் அந்த ஜூலையிலேயே இறந்துவிட்டார்.

கிராஸ்பி சட்டப்படி எந்தத் தப்பும் செய்யவில்லை, கவனித்தீர்களா? தேதி போடாத ஒப்பந்தம் அது. இருநூறு வருஷம் கழித்தும் அப்படிப்பட்ட ஒப்பந்தங்களை ஆட்கள் என்னிடம் கொண்டுவந்து நீட்டுகிறார்கள்.

அதனால் உரிமையை விற்காதீர்கள், குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட வடிவத்துக்கு வெளியிடும் அனுமதி கொடுங்கள். எழுதிய நிமிஷத்திலிருந்து பதிப்புரிமை உங்களுடையது, பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் அதற்குப் பதிவுகூடத் தேவையில்லை. அந்த உடன்படிக்கைப்படி பொதுவாகக் குறைந்தபட்சம் உங்கள் ஆயுளுக்குப் பிறகும் 50 வருஷம் அது நிற்கும், பல நாடுகளில் 60, 70 வருஷம். அவ்வளவு நீளமான சொத்தை ஒரு தொகைக்குத் தூக்கிக் கொடுப்பதா? 12 அல்லது 18 மாதத்துக்குள் வெளியிடாவிட்டால் உரிமை தானாகத் திரும்பும் என்று எழுதி வாங்குங்கள். மொழிபெயர்ப்பு, ஒலிநூல், சினிமா இவற்றைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். அதில் பதிப்பாளர் கையாளத் தெரிந்ததை மட்டும் கொடுங்கள்.

இன்னொன்று, இது பலர் கண்ணில் படுவதில்லை. பழைய ஒப்பந்தங்களில் ‘புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை எழுத்தாளருக்குத் திரும்பும்’ என்று இருக்கும். ஆர்டர் வந்ததும் ஒரு பிரதி அச்சடிக்கிற வசதி வந்தபிறகு எந்தப் புத்தகமும் அச்சில் இல்லாமல் போவதே கிடையாது, வருஷத்துக்கு இரண்டு பிரதி விற்றாலும் ‘அச்சில் இருக்கிறது’. ஆகவே ஒரு வருஷத்தில் இத்தனை பிரதிக்குக் கீழே விற்பனை போனால் உரிமை திரும்பும் என்று எண்ணைக் குறிப்பிட்டு எழுத வேண்டும்.

‘உங்கள் படைப்பு எங்கள் ஆசிரியர் குழுவால் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது’ என்று கடிதம் வந்தது. ரொம்ப சந்தோஷமாக இருந்தது. இப்போது ‘பேக்கேஜ்’ என்று ஒரு பெரிய தொகை கேட்கிறார்கள். கட்டலாமா?

கட்டாதீர்கள். பதிப்பகம் என்றால் பணம் அங்கிருந்து உங்களுக்கு வர வேண்டும். சொந்தப் பதிப்பு என்றால் நீங்கள் செலவு செய்கிறீர்கள், ஆனால் புத்தகமும் உரிமையும் வருமானமும் உங்களுடையவை. இவர்கள் செய்வது உங்கள் பணத்தையும் கேட்டு, உரிமையையும் கேட்டு, விற்ற பிறகு உங்களுக்கே ராயல்டி என்று கொஞ்சம் தருவது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை.

காசு வாங்கிக்கொண்டு வேலை செய்து கொடுக்கிற எல்லோரையும் சொல்லவில்லை. பிழைதிருத்தத்துக்கு இவ்வளவு, பக்க வடிவமைப்புக்கு இவ்வளவு, அட்டைக்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்லி, முடிந்ததும் கோப்புகளை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் நல்ல தொழிலாளிகள், அவர்கள் யாரும் உங்களைத் ‘தேர்ந்தெடுத்தோம்’ என்று சொல்ல மாட்டார்கள். கடிதத்தில் பாராட்டு அதிகம், வெள்ளிக்கிழமைக்குள் கட்டினால் தள்ளுபடி, இத்தனை பிரதிகளை நீங்களே வாங்க வேண்டும் என்ற ஷரத்து, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் விலகிவிடுங்கள்.

முதலில் நானே வெளியிட்டுவிட்டு, நன்றாகப் போனால் பிறகு பதிப்பகத்திடம் கொடுக்கலாம் என்று திட்டம். நடக்குமா?

நடந்திருக்கிறது. பீட்டிரிக்ஸ் பாட்டரின் முயல் கதையைப் பதிப்பாளர்கள் வேண்டாம் என்றபோது அவரே 1901-இல் 250 பிரதி அச்சடித்தார், மறு வருஷம் ஃபிரெடரிக் வார்ன் நிறுவனம் வண்ணப்படங்களோடு வெளியிட்டது. ஆண்டி வெயர் ‘த மார்ஷியன்’ நாவலைத் தன் இணையதளத்தில் இலவசமாக அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டார். அமேசானின் மின்னூல் கருவியான கிண்டிலில் படிக்க வசதியாக இருக்கும் என்று வாசகர்கள் கேட்டதால் அங்கே வைக்க முடிந்த மிகக்குறைந்த விலையான 99 சென்ட்டுக்கு வைத்தார், அதற்கப்புறம்தான் பெரிய பதிப்பகம் வந்தது. எனக்குப் பிடித்த உதாரணம் ஹ்யூ ஹோவி. ‘வூல்’ என்ற அவருடைய மின்னூல் நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோது பதிப்பகங்கள் வந்தன. அவர் 2012-இல் காகிதப் புத்தக உரிமையை மட்டும் சைமன் அண்ட் ஷூஸ்டருக்குக் கொடுத்துவிட்டு மின்னூலைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். பேரம் பேசும் இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார், காரணம் விற்பனை.

உங்கள் திட்டத்தில் ஆபத்தும் அங்கேதான். இப்படி விற்றவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பதிப்பாளர் முதலில் கேட்பது எத்தனை பிரதி போயிற்று என்பதைத்தான். விற்பனை சொற்பம் என்றால், கைப்பிரதியாக இருந்தபோது இருந்த புதுமையும் போய்விடும். தொடர் நாவலின் முதல் பாகம் ஏற்கெனவே உங்கள் பெயரில் வெளிவந்துவிட்டது, இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் அநேகமாக யாரும் தொடமாட்டார்கள். பதிப்பகம்தான் முதல் விருப்பம் என்றால் முதலில் அங்கேயே போங்கள், பார்த்துவிட்டுப் பிறகு சொந்தமாகப் போடலாம். அந்த வரிசையில் எதையும் இழக்கமாட்டீர்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை: அமேசானிலேயே உள்ள கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாளைக்கு அந்த மின்னூல் வேறு எங்கும் இருக்கக்கூடாது, உங்கள் சொந்த வலைப்பூவில்கூட. 90 நாள் முடிந்ததும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், வேண்டாம் என்றால் நீங்கள்தான் போய் நிறுத்த வேண்டும்.

சொந்தமாகப் போடுவது என்று முடிவு செய்துவிட்டேன். நண்பர்கள் படித்துப் பிழை பார்த்துவிட்டார்கள். எடிட்டருக்குச் செலவு செய்யத்தான் வேண்டுமா?

வேண்டும். நண்பர்கள் எழுத்துப்பிழையைப் பார்ப்பார்கள். மூன்றாம் அத்தியாயத்தில் இறந்த மாமா பதினோராம் அத்தியாயத்தில் கடிதம் போடுவதையும், நடுவில் நாற்பது பக்கம் கதை நகராமல் நிற்பதையும் சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் நட்புக்காகக் குறைத்துச் சொல்வார்கள். கதையின் அமைப்பைப் பார்க்கிறவர் ஒருவர், வாக்கியத்தைச் சீர்படுத்துகிறவர் ஒருவர், கடைசியில் மெய்ப்புப் பார்க்கிறவர் ஒருவர் என்று மூன்று வேலை இருக்கிறது. மூன்றுக்கும் பணம் இல்லை என்றால் அட்டையில் மிச்சம் பிடித்து முதலாவதற்குக் கொடுங்கள். அட்டை சுமாராக இருந்தால் அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம், நடுவில் தொங்குகிற நாற்பது பக்கத்தை முதல் நூறு வாசகர்கள் படித்துவிட்டால் மாற்ற முடியாது.

பிழைதிருத்தத்தை முழுக்க முடித்த பிறகே அட்டையை இறுதி செய்யச் சொல்லுங்கள். புத்தக முதுகின் அகலம் பக்க எண்ணிக்கையையும் காகிதத் தடிமனையும் பொறுத்தது. 200 பக்கத்துக்குப் போட்ட அட்டையை வைத்துக்கொண்டு கடைசி நேரத்தில் ஒரு முன்னுரை சேர்த்துப் புத்தகம் 216 பக்கமானால், முதுகில் இருக்கவேண்டிய தலைப்பு ஓரத்துக்கு நகர்ந்துவிடும். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் காகிதத்துக்கு ஒன்று, மின்னூலுக்கு ஒன்று, தனித்தனி. தளம் இலவசமாகத் தருகிற எண்ணை எடுத்துக்கொண்டால் அதை வேறு அச்சகத்துக்கோ விநியோகஸ்தருக்கோ கொண்டுபோக முடியாது, அதனால் நாலு இடத்தில் விற்க நினைத்தால் சொந்த எண் வாங்குங்கள். விற்பனைக்குத் திறந்துவிடுவதற்கு முன் ஒரே ஒரு பிரதி அச்சடித்து வரவழைத்து, நடுப்பக்கத்தை நன்றாக விரித்து, உள் ஓரத்தில் எழுத்து மடிப்புக்குள் போய்விட்டதா என்று பாருங்கள். திரையில் அது தெரியவே தெரியாது.

மூன்று பதிப்பகங்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பலாமா? எத்தனை மாதம் காத்திருப்பது?

அவர்கள் விதிமுறையில் கூடாது என்று எழுதியிருந்தால் ஒழிய அனுப்பலாம், ஆனால் மற்ற இருவரிடமும் கொடுத்திருப்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் பாருங்கள், ஒருமுறை நினைவூட்டுங்கள், பதில் இல்லையென்றால் திரும்பப் பெற்றுக்கொள்வதாக ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அதை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.