பேனிக் அட்டாக்கை மாத்திரை இல்லாம சாப்பாட்டுலயே சரி பண்ண முடியுமா? என்ன சாப்பிடணும், எதை விடணும்?

முழுசா சரி பண்ண முடியாதுங்க. ஆனா எவ்வளவு அடிக்கடி வருதுங்குறதை சாப்பாட்டால நல்லாவே குறைக்கலாம், எனக்கு குறைஞ்சுது. நீங்க லிஸ்ட் எதிர்பாத்திருப்பீங்க, எனக்கு லிஸ்ட்டை விட உள்ள என்ன நடக்குதுன்னு புரிஞ்சதுதான் உதவுச்சு, அதனால அதை முதல்ல சொல்லிடறேன்.

பேனிக்ல உடம்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். நெஞ்சு படபடன்னு அடிக்கும், கை நடுங்கும், வேர்க்கும், மூச்சு முட்டும், தலை கிறுகிறுக்கும். இதுல ஏதாவது ஒண்ணு லேசா தலைகாட்டினா போதும், 'போச்சு, ஹார்ட் அட்டாக்தான்'னு மனசு புடிச்சுக்கும், பயந்த உடனே அட்ரினலின் ஊத்தும், அது ஊத்தினா படபடப்பு ஏறும், அது ஏறுறதைப் பாத்து இன்னும் பயம், பத்து நிமிஷத்துக்குள்ள உச்சிக்கு போயிடும். சாப்பாட்டால செய்ய முடிஞ்சது அந்த லேசான முதல் படபடப்பு அடிக்கடி வராம பாத்துக்குறதுதான். அது வந்துட்டா பயப்படாம இருக்குறது எப்படிங்குறதை எந்தக் கீரையும் சொல்லிக்கொடுக்காது.

நான் திருச்சில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறேன். எனக்கு பெரும்பாலும் காலைல பதினொரு மணி வாக்குல, இல்லாட்டி சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புற நேரத்துல வரும். ஜிஎஸ்டி ஃபைலிங் டென்ஷன்னு நானே முடிவு பண்ணி வச்சிருந்தேன். மனநல டாக்டர்கிட்ட போனப்போ அவர் மனசைப் பத்தி கேக்கவே இல்ல, "காலைல எழுந்ததுலருந்து வாய்க்குள்ள என்னென்ன போச்சு, டைமோட சொல்லுங்கம்மா"ன்னார். ஆறு மணிக்கு ஃபில்டர் காபி, டபுள் ஸ்ட்ராங். பையனை ஸ்கூலுக்கு அனுப்புற அவசரத்துல டிபன் கிடையாது. ஆபீஸ் போனதும் ஒரு காபி, பத்தரைக்கு டீ. மத்தியானம் ரெண்டு ரெண்டரைக்கு டப்பா சாதம், நாலு மணிக்கு மறுபடி காபி. அவர் அதை ஒரு பேப்பர்ல வரிசையா எழுதி, அட்டாக் வந்த நேரத்தை பக்கத்துல சிவப்பு பேனால குறிச்சுட்டு, பேப்பரை என் பக்கம் திருப்பி வச்சார். வேற எதுவும் சொல்லல, சொல்ல வேண்டியதும் இல்ல.

காபி விஷயத்துல ஓரளவு உறுதியான ஆராய்ச்சியே இருக்கு. பேனிக் டிஸார்டர், அதாவது பேனிக் அட்டாக் திரும்பத் திரும்ப வர்ற பிரச்சினை இருக்குறவங்களுக்கு, ஒரே நேரத்துல 400 மி.கிராமுக்கு மேல காஃபின் கொடுத்துப் பாத்த ஆய்வுகளை சேத்துப் பாத்தா, சுமார் பாதிப் பேருக்கு அட்டாக்கே வந்திருக்கு, காஃபின் இல்லாத டம்மி கொடுத்தவங்களுக்கு வரல. அது நாலஞ்சு கப்புக்கு சமம், அவ்வளவையும் ஒரே மூச்சுல யாரும் குடிக்க மாட்டோம், வாஸ்தவம்தான். ஆனா காஃபின் பாதியா குறையவே அஞ்சு மணி நேரம் வாக்குல ஆகும், அதனால ஆறு மணி காபி தீர்றதுக்குள்ள அடுத்தது மேல மேல ஏறிக்கிட்டே இருக்கும். பேனிக் இல்லாத ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 மி.கி வரைக்கும் பிரச்சினை இல்லன்னு சொல்றாங்க, அந்தக் கணக்கு நமக்கு செல்லாது.

காஃபின் ஒளிஞ்சிருக்குற இடமும் இருக்கு. பெட்டிக்கடைல இருபது ரூபாய்க்கு விக்குற சிவப்பு கலர் எனர்ஜி டிரிங்க், கோலா, சில தலைவலி மாத்திரை, லேபிளை திருப்பிப் பாருங்க. காபித்தூள் பாக்கெட்ல சிக்கரி எத்தனை சதவீதம்னு போட்டிருப்பான், சிக்கரில காஃபின் கிடையாது. எங்க மாமியார் 'கலப்படத்தூள்'னு திட்டுற அந்த சிக்கரி அதிகமா இருக்குற தூள்தான் எனக்கு நல்லதுன்னு ஆயிடுச்சு, வீட்ல அதுக்கு ஒரு தனி பஞ்சாயத்து. ஒரேடியா நிறுத்தாதீங்க, திடீர்னு விட்டா மறுநாளே தலைவலி, எரிச்சல், சோர்வுன்னு ஆரம்பிச்சு ஒரு வாரம் வரைக்கும் படுத்தும், 'அட்டாக் வரப்போகுதோ'ன்னு அதுவே புது பயமா மாறிடும். டிகாஷனை கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு பாலை கூட்டிக்கிட்டே வாங்க.

அடுத்தது வெறும் வயிறு. 'எனக்கு லோ சுகர் ஆகுது, அதான் படபடப்பு'ன்னு நிறைய பேர் சொல்லுவாங்க, நானும் சொல்லுவேன், ஆனா ஒரு தடவை அட்டாக் நேரத்துலயே ஆபீஸ் சாரோட குளுக்கோமீட்டர்ல குத்திப் பாத்தா 90க்கு மேல காட்டுச்சு. 70க்கு கீழ போனாத்தான் லோ சுகர்னு கணக்கு, சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்காதவங்களுக்கு அது அபூர்வம். ஆனா பசில வர்ற நடுக்கமும் கிறுகிறுப்பும் பேனிக்கோட முதல் அறிகுறி மாதிரியே இருக்கும், அதான் சிக்கல். இப்ப காலைல எட்டு மணிக்குள்ள ஏதாவது உள்ள போயிடும், ரெண்டு இட்லியோ, நேரம் இல்லாட்டி ஒரு அவிச்ச முட்டையும் பழமும். வெறும் இட்லி சீக்கிரம் இறங்கிடுது, கூட சாம்பார் நல்லா ஊத்திக்கிட்டா, இல்லாட்டி சுண்டலோ பாசிப்பயறோ இருந்தா தாங்குது. பதினொரு மணிக்கு டிராயர்ல வச்சிருக்குற பொட்டுக்கடலை, வேர்க்கடலை.

பெண்களா இருந்தா ரத்தம் டெஸ்ட் பண்ணாம டயட் பத்தி யோசிக்கவே வேண்டாம். ரத்தசோகை இருந்தா மாடிப்படி ஏறினாலே நெஞ்சு அடிச்சுக்கும், மூச்சு வாங்கும். 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேல தமிழ்நாட்டுப் பெண்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகைன்னு வந்துச்சு, பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்கு கீழ இருந்தா ரத்தசோகை, எனக்கு ஒம்பது சொச்சம். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாங்க, அதையும் டீயோட முழுங்கினா பாதி வீண், டீ காபிக்கும் அதுக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடணும், எலுமிச்சை ஜூஸோட எடுத்தா நல்லா சேரும். (மலம் கறுப்பா போகும், அதுக்கு பயந்து கூகுள் பண்ணாதீங்க, நிறைய பேருக்கு அப்படித்தான்.) கூடவே தைராய்டும் விட்டமின் பி12ம் பாத்துடுங்க. தைராய்டு அதிகமா சுரந்தா வர்ற படபடப்பும் கை நடுக்கமும் அச்சு அசல் பேனிக் மாதிரியே இருக்கும், அதுக்கு வைத்தியமே வேற. சுத்த சைவம்னா பி12 குறைய வாய்ப்பு ஜாஸ்தி.

மெக்னீசியம், வாழைப்பழம், டார்க் சாக்லேட், இதெல்லாம் ரீல்ஸ்ல ஓடிக்கிட்டே இருக்கு. ஒரு வாழைப்பழத்துல மெக்னீசியம் 30 மி.கி சொச்சம்தான், பெரியவங்களுக்கு ஒரு நாள் தேவை 300லருந்து 400. சாப்பிடுங்க, பழம் நல்லதுதான், பேனிக் நிக்கும்னு எதிர்பாக்காதீங்க. டார்க் சாக்லேட்லயே காஃபின் இருக்கு. அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணம் வாங்கி சாப்பிடுறவங்க தைராய்டு, கல்லீரல் பிரச்சினை இருந்தா டாக்டரை கேக்காம தொடாதீங்க, தூக்க மாத்திரையோட சேந்தாலும் மயக்கம் கூடும். ஆம்பளைங்க சிலர் ரெண்டு பெக் போட்டா அடங்கிடும்னு சொல்றாங்க, அன்னிக்கு ராத்திரி அடங்கும், போதை இறங்குற மறுநாள் காலைல வட்டியோட வரும். பதட்டத்துக்கு கொடுக்குற அல்பிரஸோலம் மாதிரி மாத்திரை எடுக்குறவங்க குடிச்சா மூச்சே அமுங்கிடும், விளையாட்டு இல்ல.

இப்ப யாரும் சொல்லாத ஒரு விஷயம். சாப்பாட்டைப் பாத்து பாத்து சாப்பிட ஆரம்பிச்சா அதுவே இன்னொரு நோயா ஆகலாம். எனக்கு ஒரு கட்டத்துல ஹேண்ட்பேக்ல குளுக்கோஸ் பாக்கெட் இல்லாம பஸ் ஏற முடியல. கல்யாண வீட்ல பாயாசத்தைப் பாத்தா பயம், காபி வாசனைக்கே பயம். பாக்கெட் கைல இருக்குறதாலதான் தப்பிச்சேன்னு மனசு நம்பிடுது, அப்போ பாக்கெட் இல்லாத நாள் என்ன ஆகும்? இதை கவுன்சிலிங் பாக்குறவங்ககிட்ட சொன்னப்போ அவங்க செஞ்சது எனக்கு அதிர்ச்சியா இருந்துச்சு. வேணும்னே படபடப்பை வரவழைக்க வச்சாங்க, நின்ன இடத்துல ஓடச் சொல்லி, சுழல் நாற்காலில சுத்தச் சொல்லி, கடைசில ஒரு நாள் ஸ்ட்ராங் காபியை முன்னாடி வச்சு குடிக்கச் சொல்லி. நெஞ்சு அடிச்சுது, அவங்க பேசிக்கிட்டே உக்காந்திருந்தாங்க, கொஞ்ச நேரத்துல தானா இறங்கிடுச்சு. இது சிபிடிங்குற, யோசிக்குற விதத்தையும் பழக்கத்தையும் மாத்துற பேச்சு சிகிச்சைல ஒரு பகுதி, ஆரம்பத்துல வீட்ல தனியா முயற்சி பண்ணாதீங்க, இதயக் கோளாறு இருக்குறவங்க, கர்ப்பிணிகள் டாக்டரை கேக்காம செய்யவே கூடாது. இப்ப காலைல டிபனுக்கு அப்புறம் ஒரு காபி குடிக்குறேன், அதோட சரி.

மாத்திரை வேண்டாம்னு சொல்றீங்க, புரியுது, ஆனா ஏற்கனவே எடுத்துக்கிட்டு இருந்தா டயட் மாத்தினோம்னு அதை நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்தான் மெதுவா குறைக்கணும். ஃப்ளுவோக்சமின்னு மனநல டாக்டர் எழுதுற ஒரு மாத்திரை இருக்கு, அது காஃபினை உடம்புல பல மடங்கு நேரம் தங்க வச்சிடும், சீட்டுல அந்தப் பேர் இருந்தா காபி பத்தி கட்டாயம் கேளுங்க. அப்புறம், முதல் தடவை நெஞ்சு வலி வந்தா பேனிக்னோ கேஸ்னோ நீங்களா முடிவு பண்ணாதீங்க, 108 கூப்பிட்டு ஒரு ஈசிஜி எடுத்துடுங்க, சோடா குடிச்சு படுத்துடாதீங்க.

செலவுதான் தயக்கம்னா மாவட்ட அரசு தலைமை ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கும், ஓபி சீட்டு போட்டு பாக்கலாம். நேர்ல போக கூச்சமா இருந்தா டெலி மானஸ்னு அரசோட மனநல ஹெல்ப்லைன் இருக்கு, நம்பர் 14416, இருபத்திநாலு மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.