எச்டிஆர் படம் காலண்டர் படம்போல் ஆகாமல், கண்ணில் பட்டபடியே வர எப்படி எடிட் செய்வது?

திருநெல்வேலி குறுக்குத்துறையில் கல்மண்டபத்துக்குள் நின்று தாமிரபரணியை எடுத்தால் ஒன்று வானம் வெளுத்துப் போகிறது, இல்லையென்றால் தூண்கள் கரியாகின்றன. வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த படங்களை ஒன்றாக இணைத்து எச்டிஆர் செய்தாலோ சாயம் பூசியதுபோல் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தப்பு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நடக்கிறது: நிழலையும் வெயிலாக்கிவிடுகிறோம். மண்டபத்துக்குள் இருட்டு, வெளியே ஆற்றில் வெயில். அந்த ஏற்றத்தாழ்வைக் கொஞ்சம் குறைக்கத்தான் எச்டிஆர். அழித்துவிட்டால் கண் நம்பாது.

முதலில் எடுக்கும் விதம். டிரைபாட், ரா ஃபைல் (கேமரா திருத்தாத மூலப்படம்), ஐஎஸ்ஓ 100, அபெர்ச்சர் பிரையாரிட்டியில் (லென்ஸ் திறப்பை நாமே வைக்கும் முறை) எஃப் 8. இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம் போதும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது). நடுப்படம் 1/60 என்றால் மற்றவை 1/250, 1/15. ஷட்டர் மட்டுமே மாற வேண்டும். அபெர்ச்சரை மாற்றினால் ஃபோகஸ் ஆழம் மாறி, தூணின் ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. இருண்ட படத்தின் ஹிஸ்டோகிராம் (இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் காட்டும் வரைபடம்) வலது சுவரில் முட்டக்கூடாது, வெளிச்சப் படத்தினுடையது இடது சுவரில் முட்டக்கூடாது. முட்டினால் இன்னும் ஒரு படம் எடுங்கள். நேர்ச் சூரியனைச் சுற்றி மட்டும் வெளுத்தால் விட்டுவிடலாம். கண்ணுக்கே அங்கே ஒன்றும் தெரியாதே.

லைட்ரூம் எடிட்டிங் மென்பொருளில் மூன்றையும் மெர்ஜ் செய்யும்போது (ஒன்றாக இணைக்கும்போது) ஆட்டோ செட்டிங்ஸை அணைத்துவிடுங்கள். நிழலை அளவுக்கு மேல் தூக்குவது பல நேரம் அதுதான். பிறகு ஹைலைட்ஸ் -40 முதல் -60 வரை, ஷேடோஸ் +20 முதல் +35 வரை, பிளாக்ஸ் -10. கிளாரிட்டி பத்தைத் தாண்ட வேண்டாம். சாச்சுரேஷனைத் தொடாதீர்கள், வைப்ரன்ஸ் +5 போதும். -100, +100 என்று இரண்டு மூலைக்கும் இழுப்பதில்தான் காலண்டர் படம் பிறக்கிறது.

பனைமரம், கோபுர விளிம்பு ஆகியவற்றைச் சுற்றி வெள்ளைக்கோடு போட்டதுபோல் ஒளிவட்டம் வருகிறதா? மென்பொருள் ஒவ்வொரு புள்ளியையும் அக்கம்பக்கத்து வெளிச்சத்தோடு ஒப்பிட்டே திருத்துகிறது. மரத்துக்காகக் கூட்டிய வெளிச்சம் பக்கத்து வானத்திலும் கசிகிறது. முதலில் கிளாரிட்டியைக் குறையுங்கள், அடுத்து ஷேடோஸை. வானத்தை மாஸ்க் போட்டு (அந்தப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து) தனியாக இருட்டாக்குவது பனையோலை இடுக்குகளில் பிசகும். ஓலைகளுக்கு நடுவே வெள்ளைத் துண்டுகள் மிஞ்சும்.

அடுத்தது நிறம். நிழலுக்கு வெளிச்சம் வருவது நீல வானத்திலிருந்து. அதனால் தூக்கிய நிழலில் கருங்கல் நீலம் பாரிக்கும். படம் முழுவதையும் மஞ்சளாக்கினால் ஆறு கெடும். நிழலுக்கு மட்டும் மாஸ்க் போட்டு டெம்பரேச்சரை +5, +8 என்று சிறிது நகர்த்துங்கள். கல் சாம்பல் நிறத்துக்குத் திரும்பியதும் நிறுத்திவிடலாம். முழுக்கச் சரிசெய்யவும் வேண்டாம். நிழலில் துளி நீலம் இருப்பதுதான் இயல்பு.

அப்படியும் செயற்கையாகத் தெரிந்தால் ஒரு கைவைத்தியம் உண்டு. எடிட் செய்த எச்டிஆரை, நடுப்படத்தின் மேல் லேயராக வைத்து ஒப்பாசிட்டியை 50–60 சதவீதத்துக்கு இறக்குங்கள். இலவச கிம்ப்பிலேயே முடியும். டிரைபாடில் எடுத்திருந்தால் மெர்ஜில் ஆட்டோ அலைனை அணைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஓரம் வெட்டுப்பட்டு லேயர்கள் பொருந்தாமல் போகலாம்.

சோதிக்க, படத்தை ஒரு நிமிடம் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். வானமும் மண்டபத்தின் உட்சுவரும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் ஷேடோஸைப் பாதியாக்குங்கள்.

அசையும் பொருள்கள் வேறு சங்கதி. ஆற்று அலைக்கு டீகோஸ்ட் (அசைந்த பொருள் இரட்டையாகத் தெரியாமல் செய்யும் வசதி) 'லோ' போதும். 'ஹை' வைத்தால் அந்த இடத்தை ஒரே படத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். நிழல் பகுதியாக இருந்தால் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் தெரியும். ஆனி, ஆடிக் காற்றில் கயத்தாறு, பணகுடிப் பக்கத்துக் காற்றாலைகளுக்குப் பிராக்கெட்டிங்கே (வெவ்வேறு வெளிச்சத்தில் பல படம் எடுப்பதே) வேண்டாம். மூன்று படத்திலும் இறக்கை வெவ்வேறு இடத்தில் இருக்கும். வானம் வெளுக்காத அளவுக்கு ஒரே ஒரு ரா எடுத்து, நிழலை ஒன்றரை ஸ்டாப் தூக்கினாலே சரியாக வரும்.