கணுக்கால் நரம்பில் மின்தூண்டல் கொடுத்தால் சிறுநீர் அவசரம் குறையுமா? அம்மாவுக்குச் செய்யலாமா?

ராணிப்பேட்டையில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு ஒன்றுக்கு வந்தால் கழிப்பறை வரை தாங்கவில்லை, மருத்துவர் சொன்ன நரம்புத் தூண்டலைக் கேட்டு வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘எல்லோரும்’ யார்? எங்கள் வீட்டில் பயந்தவள் நானில்லை. “இவளுக்குக் கரண்ட் வைக்கிறார்களாம்” என்று குடியாத்தம் முழுக்கச் சொல்லி வந்தவர் என் நாத்தனார்.

நான் மருத்துவர் இல்லை, கணக்கு ஆசிரியை. ஆஸ்பத்திரிக்கு விளம்பரம் செய்கிறாள் என்று யாராவது கிளம்புவார்கள் என்பதால் பெயரையும் சொல்லப்போவதில்லை. நாட்டு மருந்தில் இல்லாததா என்பவர்களுக்கு: வீட்டுப் பெரியவர் ஒருவர் கொடுத்த சூரணத்தையும் மறுக்காமல் விழுங்கியவள்தான் நான்.

முதலில் மாத்திரைதான் கொடுத்தார்கள். அவசரம் கொஞ்சம் தணிந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த வாயோடு பத்தாம் வகுப்புக்கு எப்படிப் பாடம் நடத்துவது? தண்ணீர் குடித்தால் மறுபடி ஓட வேண்டும். மலச்சிக்கல் வேறு. அதன் பிறகுதான் கணுக்கால் சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டேன்.

உள்கணுக்காலுக்குச் சற்று மேலே மயிரிழை போன்ற ஊசி ஒன்றைச் செருகி, சிறு கருவியோடு இணைப்பார்கள். கால் கட்டைவிரல் தானாக மடங்கினாலோ பாதத்தில் குறுகுறுப்பு ஓடினாலோ நரம்பு அகப்பட்டது என்று பொருள். அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் விடைத்தாள் திருத்தினேன். சிறுநீர்ப்பையை ஆளும் நரம்புகள் முதுகுத்தண்டின் அடியில் எங்கிருந்து கிளம்புகின்றனவோ, கணுக்கால் நரம்பின் வேர்களும் அங்கேதான் சேர்கின்றன. அதனால்தான் காலைத் தூண்டினால் பை அடங்குகிறது. வழக்கமாக வாரம் ஒரு முறை, 12 வாரம். குணம் தெரிந்தால் பிறகு மாதம் ஒன்று என்ற கணக்கில் தொடர்வார்கள். அதே நரம்புகளைத் தூண்ட இடுப்புக்குள் கருவி பதிப்பது வேறு சிகிச்சை. அமெரிக்காவில் அதற்கு 1997இலேயே அனுமதி கிடைத்துவிட்டது. அதிலும் தற்காலிகக் கம்பி வைத்துப் பலன் பார்த்த பிறகே கருவியைப் பதிப்பார்கள்.

எனக்கு முழுக்க நிற்கவில்லை. இரவில் இப்போதும் எழுந்திருக்கிறேன். ஆனால் வகுப்பைப் பாதியில் விட்டு ஓடுவதில்லை, கல்யாண வீட்டில் கழிப்பறைக்குப் பக்கத்து நாற்காலியைத் தேடுவதில்லை. நாத்தனார் இதை ஒப்புக்கொள்ள மாட்டார், போகட்டும்.

என் கால் பட்ட பாட்டைவிட மனம் பட்ட பாடு ஆட்டோவில்தான். வேலூரில் ஆஸ்பத்திரிப் பக்கம் போனாலே ஓட்டுநர்கள் இந்தியில் விலை சொல்கிறார்கள். வங்காளத்திலிருந்தெல்லாம் நோயாளிகள் வரும் ஊர். இந்தி பேசுவதில் தவறில்லை. நான் குடியாத்தம் என்று தமிழில் சொன்ன பிறகும் அதே விலையா? அந்தப் பணத்தில் ஊருக்கே பஸ்ஸில் திரும்பிவிடலாம்!

அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்றும் சர்க்கரையும் பார்த்தாகிவிட்டதா? இருமும்போது, சிரிக்கும்போது மட்டும் கசிகிறது என்றால் அது வேறு கோளாறு, இந்த ஊசி அதற்கல்ல. இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தாலோ ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ ஊசி செருகும் முன்பே சொல்லிவிடுங்கள். எத்தனை முறை போகிறார், எவ்வளவு குடிக்கிறார் என்று மூன்று நாள் குறித்து எடுத்துப் போங்கள், எப்படியும் கேட்பார்கள். நாத்தனார் யாராவது இருந்தால் அவரிடம் மூட்டுவலி சிகிச்சை என்று சொல்லிவிடுங்கள்.