கைத்தடம் எடுக்கும் முன்: வாசகர் கேள்வி-பதில்

மகளின் முதல் பிறந்தநாளுக்குக் கைத்தடம் எடுக்க பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வாங்கியிருக்கிறேன். கையை அதிலேயே அமுக்கலாமா?
*வாசகி, மதுரை*

கூடவே கூடாது. பிளாஸ்டர் இறுகும்போது சூடேறும்; கெட்டியாகக் குழைத்தால் 60 டிகிரியைத் தொட்டுவிடும். கை உள்ளே மாட்டிக்கொண்டால் உருவ முடியாது, தோல் வெந்துபோகும்.

வாங்கியது வீணாகாது. சப்பாத்திப் பதத்தில் பிசைந்த மாவையோ களிமண்ணையோ ஓர் அங்குல கனத்துக்குத் தட்டி, அதில் கையை அழுத்தி எடுத்துவிடுங்கள். குழந்தையை அப்பால் அனுப்பிய பிறகு பிளாஸ்டரைக் கரையுங்கள். ஒரு பங்கு தண்ணீரில் இரண்டு பங்கு பொடியைத் தூவ வேண்டும். பொடிமேல் தண்ணீர் ஊற்றினால் கட்டி தட்டும். தடத்தைச் சுற்றி மாவாலேயே வரப்பு கட்டி, உள்ளே ஊற்றுங்கள். மறுநாள் மாவை உரித்தால் உள்ளங்கை மேடாக எழும்பி வரும், விரல் மடிப்பின் கோடுகூடத் தெரியும். மீந்ததை சிங்க்கில் கொட்டாதீர்கள், குழாய்க்குள் கல்லாகிவிடும்.

அக்ரிலிக் பெயிண்ட் பள்ளிச் சீருடையில் கொட்டிக் காய்ந்துவிட்டது. போகுமா?
*வாசகர், சேலம்*

போகாது. அடுத்த முறை போஸ்டர் கலர் வாங்குங்கள்.

டி-ஷர்ட்டில் குழந்தையே படம் வரையும் பெட்டி, 600 ரூபாய். பிரித்தால் ஆறு குட்டி டப்பா. ஒரு சட்டைக்கே போதவில்லை.
*வாசகி, கோவை*

அட்டைப்படத்தைக் காட்டி விற்கும் இந்த வியாபாரம் எனக்கு ஆற்றாமை தருவது. நான் வாங்கிய பெட்டிகளும் இப்படித்தான் இருந்தன. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி நிகர அளவு, அதிகபட்ச சில்லறை விலை, தயாரிப்பாளர் முகவரி, புகார் எண் எல்லாம் பெட்டியில் இருக்க வேண்டும். டப்பாவுக்கு 5 மில்லி என்றால் மொத்தமே 30 மில்லி. இதைக் கடையில் நின்றே கணக்குப் போடுங்கள்.

‘நான்-டாக்ஸிக்’ என்ற எழுத்து மட்டும் போதாது. 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். விரலால் பூசும் வண்ணத்துக்கு, பொம்மைப் பாதுகாப்புக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 9873-இல் தனிப் பகுதியே இருக்கிறது.

பருத்திச் சட்டையும் ஃபேப்ரிக் கலரும் தனித்தனியே வாங்கினால் இதைவிட மலிவாக முடியும். புதுத்துணியைக் கஞ்சி போகத் துவைத்துவிடுங்கள். இல்லையென்றால் வண்ணம் நூலுக்குள் இறங்காமல் செதில் செதிலாக உரியும். வரையும்போது சட்டைக்குள் ஓர் அட்டை வையுங்கள். நன்றாகக் காய்ந்த பின் உட்புறம் திருப்பி இஸ்திரி போடுங்கள்.

பொருட்காட்சியில் வாங்கிய பசைத் துப்பாக்கியின் பிளக் உருகுகிறது. பில் இல்லை, பெட்டியும் இல்லை. நாலு வயது மகன் ஆசைப்படுகிறான்.
*வாசகர், திருச்சி*

பில்லும் இல்லை, பெட்டியும் இல்லை என்றால் யாரைப் போய்க் கேட்பது? அதை இன்றே தூக்கி எறியுங்கள். நல்ல துப்பாக்கியாக இருந்தாலும் நாலு வயதுக்கு ஆகாது. உருகிய பசை தோலில் ஒட்டிக்கொண்டே சுடும். வெள்ளைப் பசை, ஒரு பிரஷ், காயும்வரை பிடித்துக்கொள்ள துணி கிளிப், இவை போதும்.

நாங்களே வண்ணம் தீட்டலாம் என்று மகன் பெயர் வெட்டிய மரப்பலகை இணையத்தில் வாங்கினோம். ‘எழிலன்’ என்பது ‘எளிலன்’ என்று வந்திருக்கிறது. ‘பெயர் போட்ட பொருள் ரிட்டர்ன் இல்லை’ என்கிறார்கள்.
*வாசகி, தஞ்சாவூர்*

பையன் ஆசையோடு தூரிகையும் கையுமாகக் காத்திருந்திருப்பான், பாவம். பிழை அவர்களுடையது, விட்டுக்கொடுக்காதீர்கள். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு குறிப்பிடவில்லை என்றால் 30 நாள் அவகாசம் உண்டு. ஆர்டரில் நீங்கள் தமிழிலேயே பெயரைத் தட்டியிருந்தால் அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் பலகையின் படத்தையும் மின்னஞ்சலில் அனுப்பி, பணமோ புதுப்பலகையோ கேளுங்கள். ஆங்கில எழுத்தில் கொடுத்திருந்தால் வாதம் கொஞ்சம் பலவீனம்தான், ஆனாலும் கேளுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்குப் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. அதுவரை பலகையில் வண்ணம் மட்டும் தீட்டிவிடாதீர்கள்.