தலைப்பிரசவம்: வகுப்புக்குப் போகலாமா? கேள்வி பதில்

அரசு ஆஸ்பத்திரி லேபர் வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது மதுரையில் கர்ப்பிணிகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். ஆகவே "வகுப்புக்குப் போங்கள்" என்று சொல்வதில் எனக்கு ஆதாயம் உண்டு, அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள். வகுப்பு, வலி, லேபர் வார்டு பற்றி எது வேண்டுமானாலும் கேட்கலாம். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டாம், நான் டாக்டர் இல்லை.

திருப்பூர் சகோதரி: சிஸ்டர், எனக்கு ஐந்தாம் மாதம், தலைப்பிரசவம். இங்கே ஓரிடத்தில் எட்டு வார வகுப்புக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். வீட்டுக்காரர் தண்டச் செலவு என்கிறார். அவசியம் போகணுமா?

அவசியம் இல்லை. நம் ஊரில் எந்த வகுப்பும் பார்க்காமல் நல்லபடியாகப் பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள்தான் பெரும்பாலோர்.

வகுப்பால் கிடைக்கும் பெரிய லாபம், எப்போது ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது என்று தெரிவது. தலைப்பிரசவத்தில் கர்ப்பப்பை வாய் மெதுவாகத்தான் திறக்கும். இது தெரியாமல் முதல் வலிக்கே ஓடி வருவார்கள். இரண்டு சென்டிமீட்டர்கூடத் திறந்திருக்காது. வார்டில் படுத்து, தூக்கமும் சாப்பாடும் கெட்டு, நிஜமான வலி வரும் நேரத்தில் தெம்பே இருக்காது. கூட வந்த சொந்தக்காரர்கள் வேறு "இன்னும் ஆகலையா" என்று மணிக்கொரு தரம் எட்டிப் பார்ப்பார்கள். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே ஆக வேண்டும் என்ற பழைய கணக்கை உலக சுகாதார நிறுவனமே 2018-ல் கைவிட்டுவிட்டது. ஐந்து சென்டிமீட்டருக்கு அப்புறம்தான் வலி வேகமெடுக்கும் கட்டம் என்று சொல்கிறது. இது தெரிந்த பெண் வீட்டிலேயே நடந்துகொண்டு, குளித்து, இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வருவாள்.

பொதுவான கணக்கு இது: வலி ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வந்து, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடித்து, ஒரு மணி நேரம் அப்படியே தொடர்ந்தால் கிளம்பலாம். வீடு தூரம் என்றால் இன்னும் முன்னாலேயே. ஆனால் பனிக்குடம் உடைந்தாலோ, இரத்தம் போனாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ எந்தக் கணக்கும் வேண்டாம், உடனே போக வேண்டும். இதை இன்று இன்னும் நாலு தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பால் கிடைக்காதது நார்மல் டெலிவரிக்கு உத்தரவாதம். கோக்ரேன் என்ற ஆய்வுத் தொகுப்பு அமைப்பு 2007-ல் இந்த வகுப்புகள் பற்றிய ஒன்பது ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. வகுப்பால் பிரசவ முறை மாறுகிறது என்று சொல்ல அவற்றில் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. ஆகவே பன்னிரண்டாயிரம் இடிக்கிறது என்றால் விட்டுவிடுங்கள். மாதாமாதம் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடக்கிறது. அன்றைக்குக் கூட்டம் குறைந்த பிறகு சிஸ்டரைப் பிடித்து உட்கார வைத்துக் கேளுங்கள். பாதி வகுப்பு அங்கேயே முடிந்துவிடும்.

கோவை வாசகி: எங்கள் பக்கத்து வகுப்பில் "நூறு சதவீதம் நார்மல்" என்று போர்டே வைத்திருக்கிறார்கள். நம்பலாமா?

நம்பாதீர்கள். அந்த போர்டைப் பார்த்ததும் திரும்பி நடந்துவிடுங்கள்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அரசு ஆஸ்பத்திரியில் 36, தனியாரில் 63.8. ஒரே ஊர்ப் பெண்கள், ஒரே சாப்பாடு, ஒரே இடுப்பு. கட்டடம் மாறினால் எண் இவ்வளவு மாறுகிறது. சிக்கலான கேஸ்கள் பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பப்படுகின்றன, அப்படியிருந்தும் இந்தக் கணக்கு. நீங்கள் எத்தனை தடவை உட்கார்ந்து எழுந்தீர்கள் என்பதைவிட எந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தீர்கள் என்பது பெரிய விஷயம்.

அதனால் நான் நல்ல வகுப்பு என்று சொல்வது, ஆஸ்பத்திரியில் என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்து அனுப்பும் வகுப்பைத்தான். உங்கள் சிசேரியன் விகிதம் எவ்வளவு? இராத்திரி இரண்டு மணிக்கு வலி வந்தால் யார் பார்ப்பார்கள்? மயக்க டாக்டர் இராத்திரியும் இருப்பாரா, கூப்பிட்டால்தான் வருவாரா? வலி வரவைக்கும் ஊசி எல்லோருக்கும் போடுவீர்களா, தேவைப்பட்டால் மட்டுமா? வலியின்போது நடக்க விடுவீர்களா? துணைக்கு ஒருவர் இருக்கலாமா? இதைக் கேட்டதும் முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான். ஏழாம் மாதம் தாண்டுவதற்குள் கேட்டுவிடுங்கள், மாறுவதென்றால் அவகாசம் வேண்டும்.

இன்னொன்று. வகுப்பில் சிசேரியன் பற்றி ஒரு மணி நேரமாவது பேசவில்லை என்றால் அது அரை வகுப்பு. உங்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு நடக்கப்போவதைப் பற்றி வாயே திறக்காமல் காசு வாங்குகிறார்கள். அப்புறம் அறுவை முடிந்ததும் "நான் தோற்றுவிட்டேன்" என்று அந்தப் பெண் அழுவாள். யார் தோற்றது?

பெயர் வேண்டாம் என்றவர்: தினமும் வீடு துடைத்தால் நார்மல் ஆகுமா?

வீடு சுத்தமாகும்.

ஓசூர், ஐ.டி. வேலை: லமாஸ் மூச்சுப்பயிற்சி என்கிறார்களே, அது உண்மையிலேயே வலியைக் குறைக்குமா? சினிமாவில் காட்டுகிற மாதிரி ஹூ ஹூ என்று ஊத வேண்டுமா?

எனக்குப் பிடித்த கேள்வி. முதலில் பேசியவர் கிராண்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கிலேய டாக்டர், 1930-களில். பயம் வந்தால் உடம்பு இறுகும், இறுகினால் வலி கூடும், வலி கூடினால் பயம் இன்னும் கூடும் என்றார். அடுத்து பிரான்ஸில் ஃபெர்னாண்ட் லமாஸ். அவர் 1951-ல் சோவியத் நாட்டுக்குப் போய், பெண்களுக்கு முன்கூட்டியே பயிற்சி கொடுத்து மருந்தில்லாமல் பிரசவம் பார்ப்பதைக் கண்டு, பாரிஸில் அதைத் தொடங்கினார். ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் பழக்கப்படுத்தும் கொள்கைதான் அதற்கு அடிப்படை. வலி வந்ததும் உடம்பு பயத்துக்குப் பதில் மூச்சுக்குத் திரும்ப வேண்டும் என்று பழக்குவது. அமெரிக்காவுக்குப் போய்ப் பரவிய பிறகுதான் நமக்கு வந்தது.

சினிமா ஹூ ஹூ அந்தப் பழைய காலத்து வேக மூச்சு. அதையே மணிக்கணக்கில் செய்தால் தலை சுற்றும், விரல் மரத்துப்போகும். இப்போது யாரும் அப்படிச் சொல்லிக் கொடுக்கக் கூடாது. மெதுவாக உள்ளே இழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள், தோளும் தாடையும் தளர்ந்திருக்கட்டும். வலி போகாது. ஆனால் ஒவ்வொரு வலிக்கும் நடுவில் ஓய்வெடுக்கத் தெரிந்த பெண்ணுக்குக் கடைசியில் முக்குவதற்குத் தெம்பு மிஞ்சும். அவ்வளவுதான் நான் உறுதி சொல்வேன். வலி தாங்க முடியவில்லை என்றால் எபிடியூரல் (முதுகில் போடும் வலி மரப்பு ஊசி) கேட்பதில் வெட்கமே கிடையாது.

கரூர் தம்பி: சிஸ்டர், வகுப்புக்கு நானும் வரலாமா? லேபர் ரூமுக்குள் கணவனை விடுவார்களா? அம்மா "ஆம்பளைக்கு அங்க என்னடா வேலை" என்கிறார்.

வகுப்புக்குக் கட்டாயம் வாருங்கள். மனைவிக்கு வலி வரும்போது அவள் படித்ததெல்லாம் மறந்துபோகும், நினைவுபடுத்த ஒருவர் வேண்டும். லேபர் ரூம் விஷயம் ஆஸ்பத்திரியைப் பொறுத்தது. அரசு ஆஸ்பத்திரியில் துணைக்கு ஒருவரை அனுமதிக்க வழி இருக்கிறது. பொதுவாகப் பிள்ளை பெற்ற பெண் உறவினர் ஒருவரை விடுவார்கள். மத்திய அரசின் 2016 வழிகாட்டுதலே, தனித்தனி மறைப்பு உள்ள இடத்தில் கணவரையும் விடலாம் என்கிறது. பத்துப் பெண்கள் வரிசையாகப் படுத்திருக்கும் அறையில் விட மாட்டார்கள், அது நியாயம்.

தஞ்சாவூர் பெரியவர் (குறுக்கிட்டு): அம்மா, எங்கள் ஆத்தா ஒன்பது பெற்றாள். எந்த வகுப்புக்குப் போனாள்? எங்கள் அப்பா திண்ணையில் இருந்தார். இப்போது எல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்.

ஒன்பதில் எத்தனை பிழைத்தன என்று ஆத்தாவை ஒரு தடவை கேட்டுப் பார்த்ததுண்டா ஐயா? 2018-20 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 54 தாய்மார்கள் இறந்தார்கள், நாடு முழுதும் 97. அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவோ குறைவு. ஆஸ்பத்திரியும் இரத்த வங்கியும் மருந்தும்தான் காரணம், வகுப்பு அல்ல. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆத்தா தனியாகப் பெறவில்லை. மருத்துவச்சி ஒருத்தி, அத்தை ஒருத்தி, பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி என்று கூடவே இருந்தார்கள். பிரசவத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அவர்களை வாசலோடு நிறுத்திவிட்டோம். துணை என்பது வெள்ளைக்காரன் கொடுத்தது இல்லை.

சேலம் சகோதரி: எனக்கு என் வீட்டுக்காரர் உள்ளே வரவே வேண்டாம். அம்மாதான் வேண்டும். வகுப்பில் இதைச் சொன்னால் பத்தாம்பசலி மாதிரி பார்க்கிறார்கள்.

பார்க்கட்டும். பெறுபவள் நீங்கள், யார் வேண்டும் என்பதும் நீங்கள் சொல்வதுதான். 2017-ல் வந்த கோக்ரேன் தொகுப்பில் 26 ஆய்வுகள், பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள். கடைசி வரை ஒருவர் விடாமல் கூட இருந்தால் சிசேரியன் குறைகிறது, வலி நேரம் சற்றுக் குறைகிறது. அந்த ஒருவர் கணவராகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. அம்மாவையே வகுப்புக்கு அழைத்து வாருங்கள். அம்மாக்கள்தான் என் வகுப்பில் நன்றாகக் குறிப்பெடுப்பார்கள்.

கரூர் தம்பி: அப்படியென்றால் நான் எதற்கு?

பைக் சாவி, ஃபைல், இரத்த வகை அட்டை, பணம், உள்ளே இருப்பவரோடு போனில் பேசுவது, வெளியே நிற்கும் சொந்தக்காரர்களைச் சமாளிப்பது. கடைசி வேலைக்கே தனி வகுப்பு எடுக்கலாம்.

தஞ்சாவூர் பெரியவர்: நான் நாலு பிள்ளை பெற்றவன் அம்மா, அனுபவத்தில் சொல்கிறேன், ஆம்பளை பார்த்தால் மயங்கி விழுவான்.

பெற்றது உங்கள் வீட்டம்மா, ஐயா. விழுகிறவர்கள் உண்டு, சுவரோரம் ஸ்டூல் போட்டு உட்கார வைப்போம்.

நாமக்கல் தம்பி: நான் உள்ளே இருந்தேன், மயங்கவில்லை. பெரியவர் தவறாகச் சொல்கிறார்.

தஞ்சாவூர் பெரியவர்: நீ ஒருத்தன் இருந்தால் போதுமா?

சரி, போதும். இன்னும் இருபது பேர் காத்திருக்கிறார்கள். கணவர் விவாதம் இதோடு முடிந்தது.

விருதுநகர் வாசகி: வகுப்புக்குப் போனால் நார்மல் ஆகுமா?

கோவைக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

துபாயிலிருந்து: ஆன்லைன் வகுப்பு போதுமா சிஸ்டர்? டெலிவரிக்கு ஊருக்கு வரவில்லை.

கேட்டுப் புரிந்துகொள்ளப் போதும். முதுகை எங்கே அழுத்திவிடுவது, எப்படி உட்கார வைப்பது என்பதையெல்லாம் நேரில் கற்பது நல்லது. நீங்கள் பெறப்போகும் ஆஸ்பத்திரியே வகுப்பு நடத்துகிறதா என்று முதலில் கேளுங்கள். அங்கே போனால் அவர்கள் வழக்கம் தெரியும்.

ஈரோடு வாசகர்: வீடியோ பார்த்தே எல்லாம் தெரிந்துகொள்ளலாமே, வகுப்பும் ஆஸ்பத்திரியும் எதற்கு?

வகுப்பை விடுங்கள், பரவாயில்லை. ஆஸ்பத்திரியை விடாதீர்கள். 2018-ல் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஓர் இளம்பெண் இரத்தம் போய் இறந்தார். பிரசவத்துக்குப் பிறகு வரும் இரத்தப்போக்குக்கு நேரம் நிமிடக் கணக்கில்தான். இதில் நான் விவாதிக்க மாட்டேன்.

ஒருவர்: வயிறு கூராக இருந்தால் ஆண் குழந்தையா?

ஸ்கேனில் பார்த்து அதைச் சொல்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வயிறு பார்த்துச் சொல்வது குற்றமில்லை, ஆனால் பொய்.

மற்றொருவர்: குங்குமப்பூ?

நிறம் மாறாது. பால் நல்லது.

திண்டுக்கல் வாசகி: நல்ல நேரம் பார்த்து 37 வாரத்திலேயே சிசேரியன் வைக்கலாம் என்று மாமனார் சொல்கிறார்.

காரணமில்லாமல் 39 வாரத்துக்கு முன் வேண்டாம். குழந்தையின் நுரையீரலுக்கு அந்த இரண்டு வாரம் முக்கியம். பஞ்சாங்கத்தில் 39-லும் நல்ல நாள் இருக்கும்.

நெல்லை வாசகி: வகுப்புக்குப் போனால் நார்மல்…

மேலே, மேலே, மேலே.

புதுக்கோட்டை சகோதரி: பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) இன்னும் வரவில்லை, மகப்பேறு நிதி 18,000 எப்போது கிடைக்கும்?

கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள். அது என் கையில் இல்லை.

சிவகங்கை சகோதரி: 36 வாரம் ஆகிவிட்டது. இனி எட்டு வார வகுப்பெல்லாம் நடக்காது. எனக்கு இனி ஒன்றும் செய்ய முடியாதா?

நிறைய செய்யலாம். அம்மாவையோ கணவரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு திருப்பூருக்கும் கோவைக்கும் எழுதியதைச் சத்தமாகப் படியுங்கள். ஆஸ்பத்திரிக் கேள்விகளை ஒரு காகிதத்தில் எழுதி அடுத்த செக்கப்பில் கேளுங்கள். தையல் பயம் இருந்தால் பிறப்புறுப்பின் கீழ்ப்பகுதியை எண்ணெய் தொட்டுத் தளர்த்திவிடும் முறை உண்டு. 35 வாரத்துக்கு மேல் செய்யலாம், தலைப்பிரசவத்தில் வெட்டித் தையல் போடுவது அதனால் குறைகிறது. எப்படிச் செய்வது என்று டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

மிச்ச நேரத்தைத் தாய்ப்பாலுக்குச் செலவிடுங்கள். எட்டு வார வகுப்புகளிலேயே இதற்குக் கால் மணி நேரம்தான் ஒதுக்குகிறார்கள். பிரசவ வலி ஒரு நாள், பால் கட்டி, காம்பு புண்ணாகி, குழந்தை கத்துவது வாரக் கணக்கில். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடச் சொல்லுங்கள், சிசேரியன் என்றாலும் முடியும். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்ட விடாதீர்கள். யாராவது சேனை வைக்க சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் என்று வந்தால் தடுக்கும் வேலையை இப்போதே கணவரிடம் ஒப்படையுங்கள். ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். காம்பு மட்டுமல்ல, சுற்றியுள்ள கருவட்டமும் குழந்தையின் வாய்க்குள் போக வேண்டும். வலித்தால் எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும் முன் சிஸ்டரை ஒரு தடவை முழுதாகப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அவர் பரபரப்பாக இருப்பார், விடாதீர்கள்.

அசைவு குறைந்தால் உடனே போங்கள். சொன்னேனே, நாலு தடவை சொல்வேன் என்று.